பெருமாமணியின் மடி

தம்பியின் பெயர் ஒலிபெருக்கியில் வந்த நொடியில், அய்யம்பெருமாள் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி ஆடுவதை நிறுத்தியது. அவர் ஆட ஆரம்பித்தார்.

"இந்த ஆண்டின் பேரூர் மாமணி விருதைப் பெறுபவர்... மூன்றாவது வார்டு, திருவாளர் கலைச்செல்வன் அவர்கள்."

கைதட்டல். தட்டியவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி அத்தனையும் அய்யம்பெருமாளுடையவை. மேலே விரிந்திருந்த ஷாமியானா அவருடையது. தம்பியின் பெயரை ஊர்க் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த கூம்புக் குழாயும் அவர் அரியலூரில் பார்த்துப் பார்த்து வாங்கியதுதான். சொந்தக் குழாயே எதிரியாக மாறும் என்று வாங்கும்போது தெரியவில்லை.

கரம்பைக்குடி பேரூராட்சிக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. குன்னத்திலிருந்து அரியலூர் போகும் வழியில், இரண்டு மாவட்டங்களும் உரசிக்கொள்ளும் இடத்தில் கிடக்கிற ஊர். பெரம்பலூருக்குப் போனால், "நீங்க அரியலூர் பக்கமில்ல?" என்பார்கள். அரியலூருக்குப் போனால், "பெரம்பலூர்க்காரவங்களா?" என்பார்கள். எந்தப் பக்கத்துப் பாராட்டும் ஊருக்குள் வந்ததில்லை. ஒரு வருடம் பக்கத்துப் பேரூராட்சியில் ஒருவருக்குச் சென்னையில் பதக்கம் போட்டார்கள். செய்தி வந்த அன்று கரம்பைக்குடியில் பல வீடுகளில் சோறு மீந்தது.

மறுவாரமே பேரூராட்சி மன்றம் கூடித் தீர்மானம் போட்டது. நமக்கு யாரும் தராவிட்டால் நமக்கு நாமே தருவோம். சிறப்பான சமூக சேவைக்கு மூன்று படிகள்: பேரூர் மணி, பேரூர் மாமணி, பேரூர் பெருமாமணி. ஆகஸ்டு பதினைந்து, அக்டோபர் இரண்டு, ஜனவரி இருபத்தாறு என்று மூன்று விழா. பெருமாமணி மட்டும் ஒரே ஓர் ஆள்தான் இருக்க முடியும். அந்த உயரத்துக்கு இதுவரை யாரும் பிறக்கவில்லை என்று மன்றம் கருதியது.

மேடையில் தேர்வுக் குழுத் தலைவர் கொளஞ்சியப்பன் பாராட்டுரையை வாசித்தார். எந்தத் துறையிலிருந்து ஓய்வு பெற்றார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத, ஆனால் ஓய்வு பெற்றவர் என்று எல்லாருக்கும் தெரிந்த மனிதர்.

"ஆண்டுக்கணக்கில் ஒரு நாளும் தவறாமல், பொழுது விடியும் முன்பே, இந்தப் பேரூராட்சியின் ஒவ்வொரு கைப்பேசிக்கும் ரோஜாப்பூப் படத்துடன் காலை வணக்கம் அனுப்பி, ஒரு சமுதாயத்தையே தூக்கத்திலிருந்து தட்டி எழுப்பிய மாமனிதர்..."

கலைச்செல்வன் குனிந்தான். இட்லித் தட்டு அளவுக்கு ஒரு பதக்கம் கழுத்தில் விழுந்தது. நிமிர்ந்தவன் கூட்டத்தில் அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்துக் கை காட்டினான். உலகத்தில் அவனுக்கு அது ஒன்றுதான் வேலை என்பது போல, வாய் நிறையச் சிரித்தான்.

அய்யம்பெருமாளும் கை காட்டினார். உள்ளே வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் மனைவி மலர்க்கொடி காபியை நீட்டியபடி சொன்னாள்: "நீங்களும் நாலு ரோசாப்பூ அனுப்பிச்சிருக்கலாம். போன்ல என்ன, பூவுக்கா பஞ்சம்?"

"சும்மா இருடி."

"எனக்கென்ன. கொழுந்தனார் பொண்டாட்டி இப்பவே தண்ணி பிடிக்கிற எடத்துல மாமணி வூடுன்னு சொல்லி முன்னால வந்துட்டா. நான் குடத்தோட பின்னால நிக்கிறேன்."

அன்று சாயங்காலமே அவருடைய வாடகைப் பந்தல் கடைக்கு நேர் எதிரில் பிளெக்ஸ் முளைத்தது. கறுப்புக் கண்ணாடியும் பதக்கமுமாகத் தம்பி. அதைக் கட்டுவதற்குச் சவுக்குக் கம்பு கேட்டு அய்யம்பெருமாளிடமே வந்தார்கள். கொடுத்தார். என்ன செய்ய, வியாபாரம்.

*

இது வெறும் வயிற்றெரிச்சலோடு போயிருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். தங்கை ஜெயசுதாவின் வீட்டுக்காரர் தமிழரசன் வந்து கடை வாசலில் பைக்கை நிறுத்திய பிறகுதான் நெருப்பு கூரைக்குத் தாவியது. ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர். எதையும் தூசி தட்டிவிட்டுத்தான் பேசுவார்.

"மச்சான், ஐப்பசியில புள்ளைக்குக் காது குத்து வெச்சிருக்கோம். பேரூராட்சி சமுதாயக் கூடந்தான்."

"ரொம்ப சந்தோஷம் மாப்ள." அய்யம்பெருமாளின் முகம் மலர்ந்தது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து, எத்தனையோ கோயில் படி ஏறி இறங்கிய பிறகு ஜெயசுதாவுக்குப் பிறந்த பிள்ளை. காது குத்தும்போது குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். அண்ணன் இருக்கும்போது தம்பிக்கு அந்த மடி கிடையாது. அய்யம்பெருமாள் வாழ்க்கையில் யாரையும் முந்தியதில்லை. படிப்பில் தம்பி முந்தினான், மாடி வீட்டில் முந்தினான். இந்த ஓர் இடத்தில் மட்டும், முன்னால் பிறந்த காரணத்தாலேயே, அவர்தான் முதல் ஆள். புது வேட்டிகூட எடுத்து வைத்தாகிவிட்டது.

தமிழரசன் சட்டையைத் தட்டினார். "அதுல ஒரு சிக்கல். கூடம் புக் பண்ணப் போனேன். விதிமுறை ஒண்ணு குடுத்தாங்க. பேரூராட்சிக் கட்டடத்துல நடக்குற எந்த விசேஷத்துக்கும் பட்டம் வாங்குனவங்களுக்குத்தான் முதல் மரியாதையாம். ரெண்டு தாய்மாமன் இருந்தா, அதுல ஒருத்தர் மாமணியா இருந்தா..."

"இருந்தா?"

"மடி அவரோடது."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அய்யம்பெருமாளுக்கு வியர்த்தது.

"வேற மண்டபம் பாக்கலாமே மாப்ள."

"முகூர்த்த நாளு. குன்னத்துல இருந்து அரியலூர் வரைக்கும் எதுவும் காலி இல்ல. அக்டோபர் ரெண்டு விழாவுல நீங்களும் ஒரு மாமணி வாங்கிட்டீங்கன்னா சமமாயிடும். சமம்னா வயசுல மூத்தவருக்காம். அதையும் கேட்டுட்டேன்." பைக்கை உதைத்தபடி அவர் சேர்த்துக்கொண்டார்: "ஜெயசுதா ஒரே அழுகை. மூத்தண்ணன் மடிதான் வேணுங்குறா."

*

கொளஞ்சியப்பனின் அறையில் நாற்காலிகளை விடக் கேடயங்கள் அதிகம் இருந்தன.

"சேவை என்ன பண்ணியிருக்கீங்க?" என்றார்.

அய்யம்பெருமாள் யோசித்தார். "சாவு வூட்டுக்குச் சேரும் பந்தலும் ஓசியில போடுவேங்க. அப்பா காலத்துல இருந்து அப்பிடித்தான். சாவுக்கு வாடகை வாங்குறது இல்ல."

"போட்டோ?"

"சாவு வூட்லங்களா?"

கொளஞ்சியப்பன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஓர் எளிய மனிதனுக்கு உலகத்தை விளக்கப் போகும் களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

"ஐயா, நல்லாக் கேட்டுக்குங்க. நாங்க தர்றது சிறப்பான சேவைக்கு. சாவுக்குச் சேர் போடுறது தேவையான சேவை. தேவையானதச் செய்யிறதுல என்ன சிறப்பு இருக்கு? யாரு வேணா செய்வான். உங்க தம்பியப் பாருங்க. விடியக்காலைல ரோசாப்பூ யாருக்காவது தேவையா? யாரும் கேட்டாங்களா? போதும்னு கூடச் சொன்னாங்க. இருந்தும் விடாம அனுப்புனாரு பாருங்க. அதாங்க சிறப்பு."

அய்யம்பெருமாள் தலையாட்டி வைத்தார்.

"ரெண்டு விஷயம் வேணும்" என்றார் கொளஞ்சியப்பன். "ஒண்ணு, ஏற்கெனவே மாமணியா இருக்கிற ஒருத்தர் உங்களை முன்மொழியணும். ரெண்டு, உங்க கையால சேவை வாங்கினேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். சேவை பெறுநர்."

"அதுக்கு யாரப் பாக்கணுங்க?"

"நம்ம பேரூராட்சிக்கு ஒரே சேவை பெறுநர்தான். அமாவாசை. முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க."

*

கரம்பைக்குடியில் ஏழைகளுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அவர்கள் விடிந்ததும் வெங்காயம் பிடுங்கவும் பருத்தி எடுக்கவும் போய்விடுகிறார்கள். படம் எடுக்கிற நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை. பகல் முழுக்க வீட்டில் இருக்கிறவர் முழங்கால் வலிக்காரரான அமாவாசை ஒருவர்தான். ஆகவே ஊரின் சேவை மொத்தமும் அவர் ஒருவர் மேல் பொழிந்தது.

அவர் வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்றது. ஜவுளிக்கடை அப்துல் நாசர் பளபளப்பான ஊன்றுகோலோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே, நீங்களுமா?" என்றார்.

"ஆமா பாய். ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"மதியம் லுஹர் தொழுதுட்டு வந்தவன். உள்ள கண் பரிசோதனை நடக்குது. முடிஞ்சாத்தான் நம்மள விடுவாங்களாம்."

ஒரு வழியாக உள்ளே போனார். அமாவாசை கட்டிலில் புதுப் போர்வைகளுக்கு நடுவில் ஒரு குடித்தனக்காரரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"நாள் சொல்லிட்டு வந்தியா?"

"இல்லங்க. அவசரம்."

"எல்லாருக்கும் அவசரந்தான். திங்கக்கெழம பழம். செவ்வா போர்வை. புதன் கண்ணு. போன வாரமும் பாத்தானுவ, அதுக்கு முந்தியும் பாத்தானுவ, கண்ணு அப்பிடியேதான் இருக்கு. வெள்ளிக்கெழம வேணா வா. ஆனா ஊன்றுகோல் கொண்டாந்த, நான் கதவத் தொறக்க மாட்டேன். படுக்க எடமில்லாம கெடக்குது."

"வேற என்னதாங்க வேணும் ஒங்களுக்கு?"

இதுவரை யாரும் கேட்காத கேள்வி என்பதால் அமாவாசை கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. வெளிய நிக்கிறவங்களப் பாத்தாத்தான் பாவமா இருக்கு. நின்னுகிட்டே இருந்தா கால் கடுத்து வூட்டுக்குப் போயிடுவாங்கன்னு பாத்தேன். போவ மாட்டேங்குறாங்க. நீ சேர் கடைதான? நாலு சேர் போடேன்."

அய்யம்பெருமாள் நாலு போடவில்லை. போட்டியில் இருக்கிறவன் நாலோடு நிற்பானா? அன்று மாலைக்குள் அமாவாசை வீட்டு வாசலில் சின்ன ஷாமியானா, மெத்தை வைத்த நாற்காலிகள், நின்றபடி சுற்றும் பெரிய மின்விசிறி, மண்பானையில் மோர். சேவை செய்ய வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

"மாஷா அல்லாஹ்" என்று அப்துல் நாசர் காலை நீட்டினார். "இதுக்குப் பேருதான் சேவை."

செவ்வாய்க்கிழமை கொளஞ்சியப்பனே குழுவோடு போர்வை கொடுக்க வந்தார். மெத்தை நாற்காலியில் சாய்ந்தார். மோர் குடித்தார். மின்விசிறிக் காற்றில் அவருடைய கண்கள் மூடின. திறந்தபோது கலங்கியிருந்தன.

"இத்தனை வருஷமா நாங்க சேவை, சேவைன்னு ஓடுறோம்" என்றார் தழுதழுத்த குரலில். "இந்த ஊர்ல எங்களுக்குன்னு யாராவது ஒரு சேர் போட்டிருப்பாங்களா? எளியவங்களுக்குச் செய்ய ஊரே இருக்கு. எளியவங்களுக்குச் செய்யிறவங்களுக்குச் செய்ய யாரு இருக்கா?"

குழு தலையசைத்தது. போர்வையை யாரும் உள்ளே கொண்டுபோகவில்லை. அமாவாசை முதல் முறையாக ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நிம்மதியாகத் தூங்கினார்.

*

மிச்சம் இருந்தது முன்மொழிவு. அங்கேதான் விதி சிரித்தது. ஊரில் இருந்த மாமணிகள் எல்லாரும் இந்த வருடத்துக்குத் தங்கள் மனைவிகளை முன்மொழிந்து முடித்துவிட்டார்கள். ஆளுக்கு வருடத்தில் ஒரு முன்மொழிவுதான் என்பதால், புது மாமணி ஒருவனிடம் மட்டும் வாய்ப்பு மிச்சமிருந்தது.

தம்பி வீட்டுப் படியேறும்போது அய்யம்பெருமாளின் கால் செருப்புக்குள் கூசியது. கூடத்தில் பதக்கத்துக்குத் தனிக் கண்ணாடிப் பெட்டி. அதற்கு உள்ளே விளக்கு. அந்த விளக்கைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தார். ஜெயசுதா அழுகிறாள் என்ற நினைப்பு பிடித்து நிறுத்தியது.

"வா அண்ணே. இட்லி சாப்புடுறியா?"

"இல்லடா. ஒண்ணு கேக்கணும். அது வந்து..."

"தெரியும்ண்ணே. கொளஞ்சியப்பன் சார் சொன்னாரு. நீ வந்து கேக்கணுமா? நான் எழுதியே குடுத்துட்டேன்." கலைச்செல்வன் அண்ணன் தோளில் கை போட்டான். "மாமணி எல்லாம் ஒனக்குக் கம்மி. எங்கண்ணனுக்குப் பெருமாமணியே குடுங்கன்னு எழுதியிருக்கேன். அமாவாசை வூட்ல நீ மெத்தை சேர் போட்டதுல இருந்து கமிட்டியும் அதே முடிவுலதான் இருக்கு."

பெருமாமணி. தம்பிக்கும் மேலே. ஊருக்கே ஒருத்தர். அய்யம்பெருமாள் நன்றி சொல்ல வாயெடுத்தார். அதற்குள், இவன் சொல்லித்தானா எனக்கு இது வரவேண்டும் என்ற நினைப்பு முந்திக்கொண்டது. இட்லி சாப்பிடாமலே வந்துவிட்டார்.

அக்டோபர் இரண்டாம் தேதி காலையில் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து அவர் மைக்கிலேயே அவர் பெயரைக் கேட்டார். பதக்கம் தாம்பாளம் அளவு இருந்தது. தம்பியின் இட்லித் தட்டு அதற்குப் பக்கத்தில் சில்லறைக் காசு போலத் தெரிந்தது. குடத்தோடு பின்னால் நின்ற மலர்க்கொடி மறுநாளே முன்னால் வந்துவிட்டாள். கடைக்கு எதிரில் தம்பியின் பிளெக்ஸை மறைத்து அண்ணனின் பிளெக்ஸ் எழுந்தது. அன்று ராத்திரி அய்யம்பெருமாள் படுத்ததும் தூங்கினார்.

*

ஐப்பசி முகூர்த்தம். சமுதாயக் கூடத்தின் நடுவில் கோலம் போட்டு மணை வைத்திருந்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். மொட்டைத் தலையில் சந்தனமும் பட்டுச் சட்டையுமாகக் குழந்தை, ஜெயசுதாவின் இடுப்பில் இருந்தபடி மாமன் கழுத்துப் பதக்கத்தைப் பார்த்துக் கையை நீட்டியது. புது வேட்டி மொறுமொறுவென்று சத்தம் போட, அய்யம்பெருமாள் மணையை நோக்கி நடந்தார்.

"ஐயா, ஐயா. எங்க போறீங்க?" கொளஞ்சியப்பன் ஓடி வந்து மறித்தார். "பெருமாமணி தரையில உக்காரலாமா? ஊரே தரையில உக்காந்த மாதிரி ஆயிடுமே. உங்க இடம் மேடைங்க."

மேடையில், துண்டு விரித்த உயரமான நாற்காலி ஒன்று தனியாக இருந்தது.

"சரி, மேடையிலேயே மடியில வெச்சுக்கிறேன். புள்ளையக் குடுங்க."

"பட்டம் இல்லாதவங்க அந்த மேடை ஏறக் கூடாதுங்களே. புள்ளைக்கு வேணும்னா ஒரு மணி விருது குடுக்கலாம். ஆனா ஜனவரி இருபத்தாறுதான்."

"ஜனவரி வரைக்கும் ஆசாரி உக்காந்திருப்பாரா?" என்றாள் ஜெயசுதா. "அண்ணே, அதக் கழட்டி வெச்சிட்டு வந்து உக்காரு. நேரம் போவுது."

எல்லாரும் கொளஞ்சியப்பனைப் பார்த்தார்கள். அவர் தாராளமாகத் தலையசைத்தார்.

"கழட்டலாம், தடையே இல்ல. பெருமாமணி பட்டம் காலியா மட்டும் இருக்கக் கூடாது. கழட்டினதும் அடுத்த தகுதி உள்ளவருக்குப் போயிடும்."

"யாருக்கு?" என்றார் அய்யம்பெருமாள்.

"மாமணி கலைச்செல்வனுக்கு."

கலைச்செல்வன் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தான். "குடு அண்ணே. நான் மேல போய் உக்காந்துக்கிறேன். நீ புள்ளைய வாங்கிக்க. ஒனக்கு வேண்டியது மடிதான?"

அவன் மனசாரத்தான் சொன்னான். கையையும் நீட்டினான். அந்தக் கை நீண்ட வேகத்தை அய்யம்பெருமாள் பார்த்தார். கடைக்கு எதிரில் தன் பிளெக்ஸ் இறங்குவதைப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் தாம்பாளப் பதக்கமும், அதற்கு விளக்கு வெளிச்சமும் மனதில் வந்தன. குடத்தோடு மலர்க்கொடி பின்னுக்குப் போவது தெரிந்தது. பதக்கத்தின் ரிப்பனைப் பிடித்த விரல்கள் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

"அண்ணே" என்றாள் ஜெயசுதா.

"இல்ல... ஊர் குடுத்த மரியாதை" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை. "சபையில கழட்டக் கூடாது. தம்பி யாரு, நான் யாரு. புள்ளைய அவனே மடியில வெச்சுக்கட்டும்."

ஜெயசுதா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பினாள்.

மேடை ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. கலைச்செல்வன் மணையில் சம்மணம் போட்டான். குழந்தையை வாங்கினான். ஆசாரி குனிந்தார். ஒரு வீறல். இன்னொரு வீறல். அதோடு சேர்ந்து, மாமன் மடியில் வெதுவெதுப்பாக ஒரு வெள்ளம்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. பெண்கள் குலவை போட்டார்கள்.

"மாமன் மடிய நனைச்சுட்டான்டி. இனிமே அவன் இந்த மாமனைத்தான் சுத்துவான்."

"அய்யய்யோ, வேட்டியெல்லாம் போச்சு" என்று கலைச்செல்வன் சிரிப்பும் கண்ணீருமாகக் குழந்தையை நெஞ்சோடு அணைத்தான். ஜெயசுதா அழுதுகொண்டே சிரித்தபடி தன் முந்தானையால் அண்ணன் மடியைத் துடைத்தாள். சின்னண்ணன் மடியை.

அய்யம்பெருமாள் பிளெக்ஸைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார். பதக்கத்தைப் பார்த்திருக்கிறார், மாடி வீட்டைப் பார்த்திருக்கிறார். ஒரு நனைந்த வேட்டியைப் பார்த்து இப்படி வயிறு எரியும் என்று அவர் நினைத்ததே இல்லை.

கொளஞ்சியப்பன் மைக்கைத் தட்டினார். "இப்பொழுது, பெருமாமணி அவர்கள் குழந்தையை வாழ்த்தி இரண்டு வார்த்தை பேசுவார்கள்."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அய்யம்பெருமாள் எழுந்து மைக்கின் முன்னால் நின்றார். அவர் வேட்டியில் சலவை மடிப்பு கொஞ்சமும் கலைந்திருக்கவில்லை.